மருதனார்மடத்தில் ஒரு வெட்ட முடியாத கண்ணாடி

1. பெட்டி திறந்த நாள்

இருபத்து மூன்று வருடம் கண்ணாடி வெட்டிச் சோறு தின்றவன் நான். ஒரு கண்ணாடியைக் காட்டி "இதை வெட்டேலாது" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல வேண்டி வந்தபோது, இவ்வளவு காலமும் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இடம், மருதனார்மடச் சந்திக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டி முடித்த ஒரு கூல்பார், அதாவது ஐஸ்கிறீமும் குளிர்பானமும் விற்கிற கடை. எழுபத்தொன்பதாம் ஆண்டு, ஆவணி மாதம். கொழும்பிலிருந்து லொறியில் வந்த மரப்பெட்டியை உடைத்து, வைக்கோலை இழுத்துப் போட்டு, நாலு பேராகக் கண்ணாடிக் கதவைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் பிடித்துப் பார்த்தோம். வாசல் மூன்றடி மூன்றங்குலம். கதவு மூன்றடி மூன்றே முக்கால் அங்குலம். உயரத்தில் பிசகில்லை. அகலத்தில் முக்கால் அங்குலம் கூடிவிட்டது.

"முக்கால் இஞ்சிதானே தம்பி. ஒரு கீறுக் கீறித் தட்டிவிடும்" என்றார் இராசரத்தினம் அண்ணை. கடைக்குச் சொந்தக்காரர் அவர்தான்.

"இதை வெட்டேலாது, அண்ணை."

"ஏன், வைரக்கத்தி கொண்டரேல்லையோ?"

"கத்தி இருக்கு. இது வெட்டுற கண்ணாடி இல்லை."

"வெட்டேலாத கண்ணாடியை, கண்ணாடி வெட்டுற கடையிலை ஏன் விக்கிறியள்?"

நியாயமான கேள்விதான். பக்கத்தில் நின்ற கந்தையா ஓடாவியார், அதாவது வாசல் நிலையைச் செய்து நிறுத்திய தச்சர், கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடை திறப்புக்கு நாலு நாள் இருந்தது. இராசரத்தினம் அண்ணையின் சட்டைப் பையில் கப்பல் கொம்பனியின் கடிதம் ஒன்று இருந்தது. மாத முடிவுக்குள் கொழும்புக்கு வந்து கையொப்பம் வைக்காவிட்டால் அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போடுவோம் என்று அதில் எழுதியிருந்தது. குறித்த நாளில் கடை திறந்தால் அவர் ஊரில் நிற்பார். திறக்காவிட்டால் கப்பல் ஏறுவார். ஏறினால் மூன்று வருடம் கழித்துத்தான் இறங்குவார். இதை அவர் என்னிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

2. எங்கள் கடையில் ஓடிய கண்ணாடிகள்

இளம் ஆட்கள் இதை வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் மூன்றாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் பிறகு என்னிடம் வந்து விளக்கம் கேட்கக் கூடாது.

ஐம்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சேர்ந்தேன். வீடு அரியாலையில். சைக்கிளில் போய் வருவேன். முதல் ஆறு மாதமும் சாமிப் படங்களுக்குத்தான் வெட்டினேன். அதற்குப் பதினெட்டு அவுன்ஸ் கண்ணாடி போதும். அப்போது தடிப்பை அவுன்ஸில்தான் சொல்லுவோம். ஒரு சதுர அடி எத்தனை அவுன்ஸ் நிறுக்கிறதோ அதுதான் கணக்கு. யன்னலுக்கு இருபத்து நாலு, பெரிய யன்னலுக்கு முப்பத்திரண்டு. கந்தோர் என்கிற அலுவலகங்களுக்கும் குளிக்கிற அறைக்கும் பூக்கண்ணாடி. வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. அடுக்களைக் கூரைக்குக் கண்ணாடி ஓடு. களஞ்சியங்களுக்கு உள்ளே கம்பிவலை வைத்துச் செய்த வயர் கிளாஸ். அது உடைந்தாலும் விழாமல் வலையில் தொங்கிக்கொண்டிருக்கும். அறுபதுகளில் லூவர் வந்தது. ஊர் முழுக்க யன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடிச் செதில்கள் முளைத்தன. எங்களுக்கு ஓய்வில்லாத காலம் அது.

கண்ணாடி எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் நான் மணல் என்பேன். யாரும் நம்புவதில்லை. வெள்ளை மணலோடு சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் உடைந்த கண்ணாடியும் சேர்த்து, சூளையில் பாகு மாதிரி உருக்குவார்கள். முந்தி அந்தப் பாகைத் தகடாக மேலே இழுத்தெடுத்து ஆறவிட்டார்கள். அதில் அலை விழும். பழைய வீட்டு யன்னலுக்குள்ளால் பார்த்தால் பனைமரம் வெறியில் ஆடுகிற மாதிரித் தெரிவது அதனால்தான். பிறகு உருக்கிய ஈயத்தின் மேல் அந்தப் பாகை ஓடவிட்டு மிதக்க வைக்கிற முறை வந்தது. அந்த ஈயம் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம். அதில் மிதந்து வருவதால் இரண்டு பக்கமும் சமமாக வரும், அலை இருக்காது.

இந்தக் கதையில் வருவது இன்னொரு வகை. ரஃபன்ட் கிளாஸ் என்போம். முதலில் சரியான அளவுக்கு வெட்டி, துளை போட்டு, விளிம்பைத் தேய்த்து முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு இளகுகிற அளவுக்குச் சூடாக்கி, இரண்டு பக்கமும் குளிர்காற்றை அடிப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உட்பக்கம் பிந்தி ஆறிச் சுருங்கும்போது வெளிப்பக்கத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இழுவைதான் அதன் பலம். ஆள் மோதினாலும் தாங்கும். ஆனால் விளிம்பில் ஓரிடம் பழுதானால் விறகுக்கட்டின் கயிற்றை அறுத்த மாதிரி முழுவதும் ஒன்றாக அவிழும். அதனால் சூளைக்குப் போய் வந்த பிறகு அதை வெட்டவும் கூடாது, துளைக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பிழையைச் செய்தேன். முதலாளி முதல் நாளே சொல்லித்தந்த ஒரு பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. எந்த அளவு வந்தாலும் கால் அங்குலம் கூட்டி எழுது, வெட்டுகிறபோது குறைக்கலாம் என்பார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். தையல்காரர் மடிப்புக்குள் துணி விடுவார். தச்சர் சட்டத்தில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், விடுவார். சமைக்கிறவர்கள் வராத இரண்டு பேருக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். நாங்கள் கூட்டிப் பழகிய சனம்.

3. ஹம்பேர்க்கில் பார்த்த கதவு

இராசரத்தினம் அண்ணை வடமராட்சிக் கரையோரத்தவர். கப்பல்காரப் பரம்பரை. மனைவி மனோன்மணி அக்காவின் ஊர் மருதனார்மடம். இருபது வருடம் கப்பலில் என்ஜின் அறையில் வேலை செய்துவிட்டு, இனிக் கடல் வேண்டாம் என்று வந்திருந்தார். மகளுக்குப் பதினொரு வயது. அந்தப் பதினொரு வருடத்தில் அவர் வீட்டில் நின்றது எல்லாம் சேர்த்துப் பதினாலு மாதம். பிள்ளை அவரோடு நேரே கதைக்காது. "அம்மா, உவருக்குச் சோறு போடட்டோ எண்டு கேளுங்கோ" என்று அவர் முன்னாலேயே தாயிடம் கேட்கும். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிய முகத்தைத் துடைத்தார்.

எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டிருந்தார்கள். பத்து வருடம் காணாத சாமானெல்லாம் கடைகளில் வந்து குவிந்தன. அண்ணைக்கு ஒரே ஆசை. மருதனார்மடத்தில் குளிரூட்டிய கூல்பார் வைக்க வேண்டும், அதற்குக் கண்ணாடிக் கதவு போட வேண்டும்.

"ஹம்பேர்க்கிலை ஒரு ஐஸ்கிறீம் கடை தம்பி. கதவு முழுக்கக் கண்ணாடி. சட்டமில்லை, ஒண்டுமில்லை. தள்ளினால் உள்ளுக்கும் போகும், வெளியாலையும் வரும். அதே மாதிரி எனக்கு வேணும்."

"கொழும்புக்கு எழுதி எடுப்பிக்கலாம், அண்ணை. அளவு?"

"ஓடாவியார் அளந்து தந்தவர். இந்தா துண்டு."

வழக்கமாக நானே போய் அளந்து பார்த்திருக்க வேண்டும். ஆனால் கந்தையா ஓடாவியார் நிறுத்திய நிலையை இன்னொருவன் ரேப் என்கிற அளவு நாடாவை வைத்து அளந்தால் அவர் அன்றைக்கே உளியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வலிகாமப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆகவே துண்டை நம்பினேன். துண்டில் அண்ணையின் கையெழுத்தில் மூன்றடி மூன்றரை அங்குலம் என்று இருந்தது. கொழும்புக்கு எழுதும்போது என் கை வழக்கம்போல மூன்றே முக்கால் என்று எழுதியது. ரஃபன்ட் கிளாஸுக்கு அப்படி எழுதக் கூடாது என்று தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. கால் அங்குலம்தானே, நிலையில் ஓடாவியார் விடுவாகக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் விடுவு விடவில்லை. வாசல் சரியாக மூன்றடி மூன்றங்குலம். அப்படியென்றால் நான் கூட்டிய கால் அங்குலத்தைத் தவிர, இன்னும் அரை அங்குலப் பிழை வேறு யாருடையதோ. ஆனால் அந்த அரையைக் காட்டத் துண்டை எடுத்தால் நான் கூட்டியதும் வெளியே வந்துவிடும். துண்டை மணிபேர்சுக்குள் ஒளித்து வைத்தேன்.

இரண்டாம் நாள் எங்கள் முதலாளி தன் மொறிஸ் மைனர் காரில் வந்து இறங்கினார்.

"ஆர் அளவு எழுதினது?"

"நான்தான். துண்டிலை இருந்ததைத்தான் எழுதினன்" என்றேன்.

"துண்டு எங்கை?"

"துலைஞ்சு போச்சு."

இராசரத்தினம் அண்ணை என் பொய்யைப் பிடிப்பார் என்று பயந்தேன். அவரோ அவசரமாக முதலாளிக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். ஓடாவியார் திரும்பவும் கூரையைப் பார்த்தார்.

"அப்ப கொழும்புக்காரன்தான் பிழை விட்டிருக்கிறான்" என்றார் முதலாளி.

"ஓமோம், கொழும்புக்காரன்தான்" என்றோம் மூன்று பேரும் ஒரே குரலில்.

4. சாத்திரியார் வந்தார்

கண்ணாடியை வெட்ட முடியாது என்பதை முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது. சந்தியில் கார் திருத்துகிற கராச்சில் ஒரு பழைய காரின் பக்கக் கண்ணாடி கிடந்தது. அதுவும் இதே ஜாதி. சாக்கு விரித்து அதன் மேல் வைத்து, கத்தியால் கீறி, விளிம்பில் ஆணி வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். படார் என்று முழுவதும் கல்லுப்புப் போல நொறுங்கிக் குவிந்தது. கூடியிருந்த சனம் இன்னும் கிட்ட நெருங்கி வந்தது. பிறகு ஒருவர், "தம்பி, இன்னொருக்கால் செய்து காட்டும், அவர் பாக்கேல்லை" என்றார். இன்னொருவர் அதைப் பெரிய கண்ணாடியில் செய்து பார்த்தால் என்ன என்று கேட்டார். அவர்களைக் கலைக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

சரி, கண்ணாடியைத் தொட முடியாது. வாசலைப் பெரிதாக்குவோம் என்றால் ஓடாவியார் உளியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பூசை செய்து நிறுத்தின நிலை. அதிலை உளி வைக்கச் சொல்லாதேயுங்கோ. வேணுமெண்டால் என்ரை கையை வெட்டுங்கோ."

"உங்கடை கையை வெட்டி என்ன செய்யிறது ஓடாவியார், அது முக்கால் இஞ்சி இல்லை" என்றார் அண்ணை.

சாத்திரியாரைக் கூப்பிட்டோம். நாளும் வாசல் அளவும் குறித்துத் தந்தவர் அவர்தான். குடையை மடக்கிச் சைக்கிளில் கட்டிவிட்டு வந்து, தன் கோலால் வாசலை அளந்தார். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"மூண்டடி மூண்டு இஞ்சிக்குப் பலன் செல்வம். முக்கால் கூட்டினால் கள்ளர் பயம்."

"ஐயா, கால் இஞ்சி கூட்டினால்?" என்று ஓடாவியார் மெதுவாகக் கேட்டார்.

"கால் கூட்டினால் வீண் அலைச்சல்."

ஓடாவியாரின் முகம் வாடிவிட்டது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"அப்ப கதவில்லாமல் கடையைத் திறப்பம். பிறகு பாப்பம்" என்றேன் நான்.

உள்ளே தேயிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்ற மனோன்மணி அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

"கதவில்லாத கடைக்கு என்னெண்டு தம்பி திறப்பு விழா? என்னத்தைத் திறக்கிறது?"

சாத்திரியாரும் அதுதான் சரி என்றார். அதோடு விடாமல் சுவரில் சாத்தி வைத்திருந்த கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு ஒரு புதிய சந்தேகம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரிகிறதே, அப்படியென்றால் இது கதவா, திறந்து கிடக்கிற வாசலா? சாத்திரத்தில் இதற்கு விதி இல்லையாம். அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில், கண்ணாடியின் நடுவில் கண்மட்டத்துக்கு மூன்று குறி திருநீறு பூசினால் அது கதவாகிவிடும் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. வெறும் கண்ணாடிக் கதவில் கண்மட்டத்துக்கு ஏதாவது அடையாளம் வைக்காவிட்டால் ஆட்கள் முகத்தை இடித்துக்கொள்வார்கள். எங்கள் தொழிலிலும் அதுதான் விதி.

"கதவு ஆகியிட்டுது. இனி நிலையிலை மாட்டிப் பூட்டுறது எப்பிடி?" என்று அண்ணை கேட்டார்.

"கண்ணாடிக்கு நான் பலன் சொல்லுறேல்லை" என்று சாத்திரியார் சைக்கிளை எடுத்தார்.

5. ஐஸ்

மூன்றாம் நாள் காலையில் அண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஐஸோடு வந்து இறங்கினார். மீனுக்குப் போடுகிற பெரிய ஐஸ் கட்டிகள், மரத்தூளில் புதைத்து, சாக்கால் மூடி. என்ஜின் அறையில் இருபது வருடம் நின்ற மூளை இரவு முழுவதும் வேலை செய்திருக்கிறது.

"தம்பி, இரும்பு குளிர்ந்தால் சுருங்கும். கண்ணாடியும் சுருங்கும்தானே?"

"சுருங்கும் அண்ணை. ஆனால்…"

"ஆனால் கதையை விடும். குளிராக்கிச் சுருக்குவம். சுருங்கினவுடனை வாசலுக்குள்ளை வைப்பம். உள்ளுக்கு ஏசி ஓடுது, பிறகு அது பெருக்கவே மாட்டுது."

இந்த யோசனையில் ஒரு அழகு இருந்ததை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அகலக் கண்ணாடி ஐஸில் கிடந்தால் ஒரு தபாலட்டையின் தடிப்பளவுக்குத்தான் சுருங்கும். சொன்னேன். கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை. சட்டைப் பையில் கடிதம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியை மெத்தை மேல் படுக்க வைத்து, சாக்குச் சுற்றி, மேலும் கீழும் ஐஸ் அடுக்கினோம். இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். தண்ணீர் வழிந்து கடை முழுக்க வெள்ளம். சந்தைக்கு வந்தவர்கள் மீன் வந்திருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கூடையோடு உள்ளே வந்து, "பாரை இருக்கோ தம்பி?" என்று கேட்டார். கண்ணாடிதான் இருக்கிறது என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

பிறகு சாக்கைக் கழற்றி அளந்தோம். ஒரு நூலும் குறையவில்லை. அண்ணை ரேப்பை என் கையிலிருந்து வாங்கித் தானும் அளந்தார். ஓடாவியார் தன் கோலால் அளந்தார். யாரும் யாரையும் ஏசவில்லை. எனக்கு அதுதான் புதுமையாக இருந்தது. இவ்வளவு பெரிய நட்டம் நடந்திருக்கிறது, மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தேத்தண்ணீர் நீட்டிக்கொண்டு நின்றோம்.

அண்ணை ஈரத் தரையில் குந்திவிட்டார்.

"சரி தம்பி. பெட்டியைக் கட்டுவம்" என்றார். கண்ணாடிப் பெட்டியையல்ல, தன் பயணப் பெட்டியைச் சொன்னார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

6. மனோன்மணி அக்கா

தண்ணீரைக் கூட்டி வெளியே தள்ளத் தும்புத்தடியோடு வந்த மனோன்மணி அக்கா, கண்ணாடியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கதவு ஏன் நிலைக்கு நடுவிலை நிக்கவேணும்?"

"அப்பத்தானே ரெண்டு பக்கமும் திறக்கும்" என்றார் அண்ணை.

"ரெண்டு பக்கமும் ஏன் திறக்கவேணும்? எங்கடை வீட்டுக் கதவு உள்ளுக்குத்தானே திறக்குது. நிலைக்குப் பின்னாலை, உள்பக்கமாய்ப் பூட்டினால் முக்கால் இஞ்சி கூடினாலென்ன, மூண்டு இஞ்சி கூடினாலென்ன? நிலையிலை அண்டிக்கொண்டு நிக்கும்."

நாங்கள் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். தச்சு வேலையில் நாற்பது வருடம், கண்ணாடியில் இருபத்து மூன்று, என்ஜினில் இருபது. எண்பத்து மூன்று வருட அனுபவம் அந்த வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"ஹம்பேர்க்கிலை…" என்று அண்ணை தொடங்கினார்.

"ஹம்பேர்க்கிலை எப்பிடியும் திறக்கட்டும். இது மருதனார்மடம்."

ஓடாவியார் துள்ளி எழும்பினார். வாசலின் அளவு மாறாது, நிலையில் பிணைச்சல், அதாவது கீல், பூட்டுவது சாத்திரத்துக்கு விரோதமில்லை, எந்தக் கதவுக்கும் பூட்டுவதுதான். கண்ணாடியின் மேல் மூலைகளிலும் கீழ் மூலைகளிலும் தொழிற்சாலையிலேயே போட்ட துளைகள் இருந்தன. அவற்றுக்குள்ளால் புரி வெட்டிய ஆணியான புரியாணி போட்டு, மேலும் கீழும் முதிரை மரச் சட்டம் இறுக்கி, சட்டத்தில் சாதாரணப் பிணைச்சலைப் பூட்டலாம். இரண்டு பக்கமும் ஆடுவதற்கென்று எடுப்பித்த தரை ஸ்பிரிங் பெட்டியோடு அப்படியே கிடக்கட்டும்.

அன்று மாலைக்குள் சட்டம் தயாராகிவிட்டது. இனி என் பங்கு. கண்ணாடியில் மரமும் இரும்பும் நேரே முட்டக் கூடாது. இடையில் மெத்தென்ற ஒன்று வேண்டும். சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒவ்வொரு துளையிலும் வைத்தேன். மூன்று மூலைக்குச் சரி. நாலாவது மூலையில் சட்டம் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. ரியூப்போடு இன்னும் மெல்லிய ஒரு தட்டு இருந்தால்தான் இறுகும். இன்னொரு ரியூப் துண்டு வைத்தால் கூடிவிடும். காகிதம் மடித்து வைக்கலாம், ஆனால் தடித்த காகிதமாக இருக்க வேண்டும் என்றேன்.

அக்கா கணவரின் சட்டைப் பைக்குள் கைவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்தார். நல்ல தடித்த வெளிநாட்டுக் காகிதம். நாலாக மடித்தார்.

"இந்தத் தடிப்பு காணுமோ தம்பி?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீர்தானே சொன்னனீர், கடை திறக்காட்டில் கப்பலுக்குப் போகச் சொல்லி" என்றார் அவர்.

"சொன்னன்தான். சொன்னால் போயிடுறதோ? மூண்டு வருசத்துக்கு ஒருக்கால் வந்து சாமான் தந்திட்டுப் போற ஆளோடை எனக்கு வாழ்ந்து அலுத்துப்போச்சு. பூட்டுங்கோ தம்பி."

மடித்த கடிதத்தை வைத்துப் புரியாணியை இறுக்கினேன். அளவு அச்சாவாகப் பொருந்தி வந்தது.

7. காலும் காலும் காலும்

திறப்பு விழாவன்று நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தேங்காயைக் கதவடியில் உடைக்கக் கூடாது. சிரட்டைத் துண்டு விளிம்பில் பட்டால் நான் பொறுப்பில்லை என்றேன். ஆகவே தேங்காயை வீதிக்கு அந்தப் பக்கம் போய் உடைத்தார்கள். பஸ் இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றது. திருநீற்றுக் குறியோடு கதவு உள்ளே திறந்தது. உள்ளே மார்கழிக் குளிர். வந்தவர்களில் பாதிப்பேர் ஐஸ்கிறீம் கேட்கவே இல்லை. கதவைத் தள்ளி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பின்னேரம் சனம் குறைந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு மேசையில் இருந்தோம். மகள் ஐஸ்கிறீம் கொண்டுவந்து வைத்தாள். அண்ணைக்கு முன்னால் வைக்கும்போது, "கரையப் போகுது, கெதியாய்ச் சாப்பிடுங்கோ" என்று நேரே அவரிடமே சொல்லிவிட்டுப் போனாள். அவர் உடனே கரண்டியைத் தூக்கி, கிண்ணம் வெறுமையாகும்வரை சாப்பிட்டார்.

பிறகு சொன்னார். "தம்பி, நீர் கோவிக்கக் கூடாது. பிழை கொழும்புக்காரனிலை இல்லை. ஓடாவியார் சொன்ன அளவிலை நான்தான் கால் இஞ்சி கூட்டி எழுதினன். வெளிநாட்டுச் சாமான், கூட இருந்தால் நல்லதெண்டு நினைச்சன்."

"அண்ணை, அது நான். நான்தான் கால் கூட்டினன்" என்றேன். மணிபேர்சைத் திறந்து துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ரெண்டு பேரும் பேசாமல் இருங்கோ" என்றார் ஓடாவியார். அண்ணையின் பக்கம் திரும்பினார். "நான் அளந்தது மூண்டடி மூண்டு. உமக்குச் சொன்னது மூண்டடி மூண்டே கால். முதல் கால் என்ரை."

அதன் பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மூன்று பேரும் யாருடைய பிழை பெரியது என்று சண்டை பிடித்தோம். முதலில் கூட்டியவர் தான் என்பதால் தன் பிழைதான் மூலம் என்றார் ஓடாவியார். தன் கடை, தன் காசு, ஆகவே தன் பிழைதான் பெரிது என்றார் அண்ணை. வெட்ட முடியாது என்று தெரிந்துகொண்டு கூட்டியவன் நான் ஒருவன்தான் என்றேன் நான். குரல் உயர, மனோன்மணி அக்கா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்டார். மேசையில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"நல்ல காலம், நீங்கள் நாலு பேரில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் எழுதுகிற ஒவ்வொரு ஓடரிலும் அளந்த அளவை ஒரு பக்கமும், நான் கூட்டியதை மறு பக்கமும் எழுதுகிறேன். துண்டு கொண்டுவருகிறவரிடம், "இதிலை நீங்கள் எவ்வளவு கூட்டினனீங்கள்?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறேன். சிலர் கோபிப்பார்கள். கோபித்தால் கோபித்துவிட்டுப் போகட்டும். தச்சர் அளந்த நிலையையும் நானே இன்னொரு முறை அளக்கிறேன். புதிதாக வந்து சேருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருகிற வேலை இதுதான்.

ஆனால் நான் அங்கே படித்தது அதுவல்ல. கால் அங்குலம் கூட்டியது கைப்பிழை. அது எவனுக்கும் வரும். மூன்றாம் நாள் அந்த மனிதர் ஈரத் தரையில் குந்தியிருந்து, பெட்டியைக் கட்டுவோம் என்று சொன்னார். துண்டு என் மணிபேர்சுக்குள் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. மனோன்மணி அக்கா தும்புத்தடியோடு வராமல் இருந்திருந்தால், அவரை மூன்று வருடத்துக்குக் கடலுக்கு அனுப்பிவிட்டு, ரயில் ஸ்ரேசன் வரைக்கும் கூடப் போய்க் கையும் காட்டியிருப்பேன்.